தாய்மரம் இல்லாத ஆலமரம்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்று அந்த லட்சணம் புருஷர்களோடு நிற்கவில்லை. இல்லத்தில் உள்ள இருவருக்கும் உரியதாகிவிட்டது. காலை எட்டரை மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் இரு திசைகளில் புறப்படுவதும், இரவு ஏழரைக்கு மேல் களைத்துத் திரும்புவதும் நம்மில் பலர் வீடுகளில் நாள்தோறும் நடைபெறும் காட்சி. சம்பளம் வருகிறது, வாடகை கொடுக்கிறோம், ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்கள். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், ஒரு காலத்தில் நமக்குப் பாட வந்ததே, எழுத வந்ததே, கோலமும் சித்திரமும் கைகூடி வந்தனவே, அவையெல்லாம் எங்கே போயின என்று என்றேனும் ஓர் இரவில் மனம் கேட்கும்பொழுது, விடை சொல்ல நம்மால் இயலுவதில்லை.

அக்கேள்விக்கு எங்கள் இல்லத்தில் கிடைத்த விடையை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம். நாங்கள் என்பது கணவன் மனைவியாகிய இருவர். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த ஒரு தெருவில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கு ஓர் அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை வேலை. மற்றவருக்குப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் வேலை. முன்னவர் ஆண்டுக்கொரு சிறுகதை எழுதித் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுத்து வந்தவர். பின்னவர் திருமணத்துக்கு முன் பல ஆண்டுகள் முறையாக வீணை பயின்றவர். இருவரும் கலந்து பேசியே இக்கட்டுரையை எழுதியிருக்கிறோம். ஆகையால் ஒருவர் பெருமையை மற்றவர் மிகைப்படுத்தவும், ஒருவர் குறையை மற்றவர் மறைக்கவும் இதில் இடமில்லை.

வற்றிய ஊற்று

எங்களில் எழுதுபவருடைய கதைகள் எல்லாம் தாமிரபரணிக் கரையிலேயே நடந்தன. படித்துறை, அரசமரம், தேரோட்டம், வாழைத்தோட்டம், வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் அமர்ந்த பெரியவர், இவையே அவற்றின் உலகம். சங்கத்து நண்பர்கள் படித்துவிட்டு, ‘ஊருக்குப் போய் வந்ததுபோல் இருந்தது’ என்பார்கள். அதைவிட வேறு புகழ் வேண்டுமா? அவரும் மகிழ்ந்திருந்தார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, மலருக்கென எழுதிய கதையை வழக்கம்போல் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினார். அப்போது எங்கள் மகளுக்கு வயது பன்னிரண்டு. வங்காளம் அவள் நாவில் ஆறாகப் பெருகும், தமிழ் பேசுவாள், தமிழில் படிப்பதோ எழுத்துக் கூட்டித்தான். கதையைக் கேட்டு முடித்தவள், “போன வருஷக் கதையிலும் இதே படித்துறைதானே, அப்பா? அந்த அத்தைக்கு அப்போது வேறு பேர், அவ்வளவுதானே?” என்றாள்.

குழந்தை பரிகாசமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள். எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னது உண்மை. சென்ற ஆண்டு மட்டுமன்று, அதற்கு முந்திய ஆண்டும் அதே படித்துறை, அதே அத்தை. ஊரை விட்டு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அங்கிருந்து கொண்டுவந்த நினைவுகளையே எடுத்து எடுத்துச் செலவழித்து வந்தவர், கையிருப்பு எப்போதோ தீர்ந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. தணிக்கை வேலை பார்ப்பவருக்குத் தம் கணக்கில் இருந்த பிழை புலப்படாமற் போயிற்று. அந்தக் கதையை அவர் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு எழுதவும் இல்லை. சங்கத்தார் கேட்டபோது, “அலுவலகத்தில் வேலை மிகுதி” என்றார், அவர்களும் நம்பினார்கள்.

வீணையின் கதையும் ஏறக்குறைய இதுவே. கொல்கத்தாவின் ஈரக் காற்றில் தந்திகள் துருப்பிடித்தன. கோடையில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்தன. மேளம் கட்டுவதற்கு அருகில் ஆள் இல்லை என்ற காரணம் கிடைத்தது. வீணை உறையைப் போர்த்துக்கொண்டு பீரோவின்மேல் ஏறிப் படுத்துவிட்டது. நாள் முழுதும் வகுப்பறை இரைச்சலைக் கேட்டுத் திரும்பும் செவிக்கு நாதம் தேவைப்படவில்லை. ஓசையே இல்லாதிருந்தால் போதும் என்றிருந்தது.

சிப்பூர் ஆலமரம்

இந்நிலையில், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், ஊரிலிருந்து தந்தையார் வந்திருந்தார். காளி கோயிலையும் தட்சிணேசுவரத்தையும் தரிசித்த பின், “இங்கே பெரிய ஆலமரம் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும்” என்றார். பதினான்கு ஆண்டுகளில் பத்து ஆண்டுகள் கழிந்தும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. அதனைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், சிப்பூரில் இருக்கிறது அந்தத் தாவரவியல் தோட்டம். 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் ராபர்ட் கிட் என்பவர் தொடங்கியது. 2009 முதல் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் பெயரைத் தாங்கி நிற்பது. 270 ஏக்கருக்கு மேற்பட்ட அத்தோட்டத்தில் அந்த ஆல், தனி மரமாகத் தோன்றுவதில்லை. ஒரு காடாகத் தோன்றுகிறது. வயது 250 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். 3,700-க்கும் மேற்பட்ட விழுதுகள் தூண்களாகி, நாலரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மூடி நிற்கின்றன. மரத்தைச் சுற்றி வருவதற்கென்று ஒரு காலத்தில் 330 மீட்டர் நீளத்தில் வட்டச் சாலை போட்டார்கள். மரம் அந்தச் சாலையையும் தாண்டி வளர்ந்துவிட்டது.

வேலிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்த தந்தையார், “எல்லாம் விழுதாக இருக்கிறதே, அடிமரம் எது?” என்று கேட்டார். அங்கிருந்த பலகையைப் படித்துத்தான் விடை சொன்னோம். அடிமரம் இல்லை. 1864-இலும் 1867-இலும் வீசிய பெரும் புயல்களில் கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் காளான் நோய் பற்றிற்று. 1925-இல், மரத்தின் எஞ்சிய பகுதியைக் காப்பாற்றும்பொருட்டு, அழுகிய தாய்மரத்தை வெட்டி அகற்றிவிட்டார்கள். அன்று முதல் அந்த மரம் விழுதுகளாலேயே வாழ்கிறது, வளர்கிறது.

தந்தையார் விவசாயி. வியப்பில் மெய்ம்மறந்து நிற்பவர் அல்லர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இளம் விழுதுகள் சிலவற்றைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டு, மண்ணை நோக்கி வழிகாட்டிக் கட்டியிருந்தார்கள். அதைக் கவனித்து, “அந்தரத்தில் தொங்குகிற வரைக்கும் அது வெறும் கயிறு. மண்ணைத் தொட்ட பிறகுதான் மரம். தொடுகிற வரைக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது, பார்” என்றார். அவர் மரத்தைப் பற்றித்தான் சொன்னார். வீடு திரும்பும் பேருந்தில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் வந்தோம்.

ஊரின் நினைவு என்னும் தாய்மரத்திலிருந்தே எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டிருந்தோம். நாங்கள் வாழும் மண்ணை ஒரு நாளும் தொடவில்லை. வீட்டிலிருந்து மெட்ரோ, மெட்ரோவிலிருந்து அலுவலகம், மீண்டும் வீடு. கொல்கத்தா எங்களுக்கு ஒரு விலாசமாக இருந்ததே தவிர ஓர் ஊராக இருந்ததில்லை. இது அன்று எங்களுக்குத் தெளிவாகவே விளங்கிற்று.

ஏரிக்கரையில் அரைமணி நேரம்

ஒவ்வொரு வாரமும் சிப்பூருக்குப் போக உத்தியோகஸ்தர்களால் ஆகாது. ஆனால் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ரவீந்திர சரோவரம் இருக்கிறது. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தை 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்டு வெட்டி ஏரியாக்கியது. முதலில் டாகுரியா ஏரி என்று பெயர். 1958-இல்தான் மகாகவியின் பெயரைச் சூட்டினார்கள். வாரத்தில் இரண்டு விடியற்காலை அரைமணி நேரமும், ஞாயிறு ஒன்றரை மணி நேரமும் அங்கே கழிப்பது என்று தீர்மானித்தோம்.

முதல் மாதம் ஒன்றும் நிகழவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உடல் ஏரிக்கரையில் நடந்தது. மனம் அலுவலகத்தில் நடந்தது. கைப்பேசி சட்டைப்பையில் இருந்தவரை அது அழைக்காவிட்டாலும் கை அதைத் தேடிற்று. பிறகு அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சிறு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துச் சென்றோம். ‘எதையும் படைக்க வேண்டும் என்று நினையாதே, கண்ட ஒன்றை மட்டும் எழுது’ என்பதே எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்ட சட்டம். ‘நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கிறது.’ ‘துடுப்புப் படகு போனபின் அலை கரையைத் தொட நேரமாகிறது.’ ‘குக்குறுவான் ஒரே தாளத்தில் தட்டுகிறது, ஆள் தெரியவில்லை.’ இவ்வளவுதான்.

மூன்றாம் மாதத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாயின. அறிமுகம் ஆக ஆக ஒரு வியப்பு வளர்ந்தது. அந்நியம் என்று நினைத்திருந்த மரங்களிற் பெரும்பாலானவை நமக்கு உறவு! வங்காளியர் ‘பகுல்’ என்பது நம் மகிழம். ‘கதம்’ என்பது கடம்பு. ஆனி ஆடியில் பந்து பந்தாகப் பூக்கிறது. ‘ஜாருல்’ நம் பூமருது. துர்க்கா பூஜைக்கு முன்னே விடியற்காலையில் உதிர்ந்து தெருவை வெண்மையாக்கும் ‘சியூலி’ நம் பவழமல்லி. ஐப்பசி இரவுகளில் மூச்சை முட்டும்படி மணக்கும் ‘சாத்திம்’, நாம் நூல்களில் மட்டும் படித்திருக்கும் ஏழிலைப்பாலை. அது மேற்கு வங்கத்தின் மாநில மரம். சாந்திநிகேதனத்தில் விசுவபாரதியின் பட்டமளிப்பு விழாவில் முன்பு அதன் இலையைத்தான் மாணவர்க்கு அளித்து வந்தார்கள். பெயரை மட்டும் கேட்டுக் கடந்து போன மரத்தைப் பத்தாண்டுகள் கழித்து எங்கள் தெருமுனையிலேயே கண்டோம்.

எங்கள் மகளும் இதில் சேர்ந்துகொண்டாள். வங்காளப் பெயர் அவளுக்குத் தெரியும்; தமிழ்ப் பெயர் எங்களுக்குத் தெரியும். இருவரும் மாற்றிக்கொண்டோம். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் வங்காள எழுத்திலும் எதிர்ப்பக்கத்தில் தமிழ் எழுத்திலும் அவளே எழுதலானாள். ழகரத்தைச் சுழிப்பதற்கு மகிழமும் ஏழிலைப்பாலையும் அவளுக்குப் பயன்பட்டன. இரண்டு ஆண்டுகள் வற்புறுத்தியும் வராத எழுத்து, மரத்தடியில் வந்தது.

ஒரு குறையும் அதன் பரிகாரமும்

இங்கே எங்களில் ஒருவருடைய குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருவரும் தீர்மானித்தோம் என்று மேலே எழுதினோம். தீர்மானித்தது இருவர், போய் வந்தவர் ஒருவர். முதல் நான்கு மாதம், எழுதுபவர் ஏரிக்கரையில் உலவித் திரும்புகையில், வீணை வாசிப்பவர் அடுப்படியில் இருந்தார். ஒரு ஞாயிறு, பறவை ஒன்றைப் பற்றி இவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கள் புத்துயிர் பெற்று வருகிறீர்கள். நன்றாக இருக்கிறது. அந்தப் புத்துயிருக்குச் சட்னி அரைப்பவள் நான்” என்றார்.

சினந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அச்சிரிப்பு சுட்டது. இல்லத்தில் ஒருவருடைய ஓய்வு மற்றவருடைய கூடுதல் வேலையாக மாறுமானால், அதனை ஓய்வென்று எப்படிச் சொல்வது? அன்று முதல் முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் இவர், மறு நாள் அவர். மூவரும் சேர்ந்து போகும் ஞாயிறுகளில் காலை உணவுக்கு முதல் நாள் வாங்கிய ரொட்டியே போதும். தோசை மாலைக்குப் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

அவர் ஏரிக்கரையில் நடப்பதில்லை. ஒரே கல்லிருக்கையில் அசையாது உட்கார்ந்திருப்பார். “வகுப்பறையின் இரைச்சல் காதிலிருந்து இறங்க இருபது நிமிஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு ஓசையாகக் கேட்கிறது” என்பார். ஆறு மாதம் கழித்து ஒரு விடுமுறையில், ஹௌராவிலிருந்து சென்னை மெயிலில் வீணையைக் குழந்தையைப்போல் மடியருகே வைத்துக்கொண்டு போய், மேளம் கட்டிக்கொண்டு வந்தார். மேடை ஏறும் எண்ணம் அவருக்கு இல்லை. வாரத்தில் மூன்று நாள் கால் மணி நேரம் வாசிக்கிறார். பக்கத்து வீட்டு வங்காளிப் பாட்டி சன்னலைத் திறந்து வைக்கிறார்.

நமக்கு முன் நடந்தவர்கள்

‘கவிஞர்களுக்கும் செல்வர்களுக்கும் இதெல்லாம் சரி, மாதச் சம்பளக்காரருக்கு எதற்கு?’ என்று நேயர்கள் கேட்கலாம். மாதச் சம்பளக்காரர்களே இவ்வழியில் நமக்கு முன் நடந்திருக்கிறார்கள்.

வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் வந்த்யோபாத்யாய இருபதுகளின் நடுவில் பாகல்பூர்ப் பகுதியில் ஒரு ஜமீனின் வன நிலங்களை மேற்பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தார். கணக்குப் பார்ப்பதும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் அவர் வேலை. அவ்வேலைக்கு நடுவில்தான் ‘பதேர் பாஞ்சாலி’ உருவாயிற்று. அந்த வன வாழ்க்கையின் பயனாகப் பின்னர் ‘ஆரண்யக்’ என்னும் நாவலை எழுதினார். 1939-இல் வெளிவந்த அது தமிழில் ‘வனவாசி’ என்ற பெயரில் கிடைக்கிறது. அதன் கதைத்தலைவனும் நகரத்திலிருந்து பிழைப்புக்காகக் காட்டுக்குச் சென்ற ஓர் உத்தியோகஸ்தனே. தொடக்கத்தில் தனிமை தாங்காமல் கல்கத்தாவுக்கு ஏங்குகிறான். பின்பு காடு அவனை ஆட்கொள்கிறது. ஆனால் அக்காட்டை உழவர்க்குப் பிரித்துக் கொடுத்து அழிப்பதே அவன் உத்தியோகம். சம்பளத்துக்கும் மனத்துக்கும் இடையே இருக்கும் வேதனையை அதைவிட நன்றாகச் சொன்ன நூல் அரிது.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா உப்பு இலாகாவில் அலுவல் பார்த்தவர். அவருடைய புதல்வர் மா. கிருஷ்ணன், இயற்கை இயலில் பெரும் புகழ் பெற்றவர். 1940-களில் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் விளம்பர அலுவலராகவும் அரசரின் செயலாளராகவும் பல வேலைகள் பார்த்தவர். கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய அவருடைய இயற்கைக் குறிப்புகள், 1996-இல் அவர் மறையும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவந்தன. யானையையும் சிறுத்தையையும் மட்டுமன்றி, வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதியவர் அவர். சென்னையில் வாழ்ந்த ஒரு தமிழர் வங்கத்துத் தலைநகரின் வாசகர்க்கு இந்நாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் அறிமுகம் செய்துவைத்தார் என்பது, நம் போன்ற குடிபெயர்ந்த தமிழர் நினைத்து மகிழத்தக்கது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன், அவரும் அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்துக்கொண்டே பறவைகளையும் காடுகளையும் பற்றி எழுதியவர்தான்.

இவர்கள் யாவரும் வேலையை உதறிவிட்டு வனம் புகுந்தவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணன் பின்னாளில் உத்தியோகத்தை விட்டார் என்பது உண்மை. மற்றவர்கள் அலுவலோடு அலுவலாகவே கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஆராய்ச்சி கூறுவது

அனுபவம் ஒருபுறம் இருக்க, ஆராய்ச்சியாளரும் இதில் கருத்தைச் செலுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதைவிட நடக்கும்போது புதிய எண்ணங்கள் மிகுதியாகத் தோன்றுவதைக் கண்டார்கள். அறைக்குள் இயந்திரப் பட்டையின்மேல் நடந்தவர்க்கும் அப்பயன் கிட்டிற்று; வெளியில் நடந்தவர் சொன்ன உவமைகளே புதுமையிற் சிறந்திருந்தன.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2019-இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. வாரத்தில் 120 நிமிஷமேனும் பூங்கா, கரை, காடு முதலிய இடங்களில் கழிப்பவர்கள், அறவே செல்லாதவர்களைவிட உடல் நலமும் மன நிறைவும் உள்ளவர்களாகத் தம்மைக் கூறிக்கொண்டார்கள். அந்த 120 நிமிஷத்தை ஒரே மூச்சில் கழித்தாலும், சிறுசிறு பங்காகக் கழித்தாலும் வேறுபாடு காணவில்லை. நலமுள்ளவர்களே வெளியில் போகிறார்களா, வெளியில் போவதால் நலம் வருகிறதா என்பதை இத்தகைய ஆய்வு அறுதியிட்டுக் கூறாது. எனினும், சிறுசிறு பங்காகவே நேரம் கிடைக்கும் நமக்கு அந்தச் செய்தி ஆறுதல் அளிப்பதே.

செய்யத்தக்கவை

நாங்கள் கண்டவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். இடம் வீட்டுக்கு அருகில் இருக்கட்டும். அழகிய இடம் தொலைவில் இருந்தால் இரண்டு வாரத்தில் சோம்பல் வென்றுவிடும். ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பச் செல்லுங்கள். அப்போதுதான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் படும். கைப்பேசியை வீட்டிலேயே வையுங்கள். வைக்க இயலாத வேலையானால் ஓசையை அடக்குங்கள். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணாதீர்கள். எண்ணும் வேலை அலுவலகத்தில் போதுமான அளவு இருக்கிறது. வெயிலும் மழையும் காற்றின் தூய்மைக் குறைவும் தடுக்கும் நாட்களில் மொட்டைமாடியோ சன்னலோ போதும். இவையனைத்துக்கும் மேலாக, இல்லத்தார் எல்லோருக்கும் அந்த நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கொல்கத்தாவுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் வாய்த்ததாக எண்ண வேண்டாம். மும்பையில் இருப்பவர்க்கு நகர எல்லைக்குள்ளேயே 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட கன்ஹேரிக் குடைவரைகளும் இருக்கின்றன. தில்லியில் உள்ளவர்க்கு லோதி தோட்டத்தில் ஐந்நூறு ஆண்டுக் கல்லறை மண்டபங்களின் நடுவே புல்வெளி இருக்கிறது. பெங்களூரில் ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக். ஜாம்ஷெட்பூரில் 1958-இல் திறந்து வைக்கப்பட்ட ஜூபிலி பூங்கா. இவை எவையும் எட்டாவிடில், தெருமுனையில் ஒரு வேம்பு இருக்கும். அதுவும் போதும்.

பவழமல்லிக் கதை

எங்களில் எழுதுபவர் மீண்டும் எழுதினாரா என்று கேட்பீர்கள். எழுதினார். இரண்டு ஆண்டுகளில் ஆறு பக்கத்தில் ஒரே ஒரு கதை.

ஏரிக்குப் போகும் வழியில் ஒரு மதிற்சுவருக்கு வெளியே பவழமல்லி உதிர்ந்து கிடக்கும். புரட்டாசி விடியலில் ஒரு வங்காள மூதாட்டி அவற்றைப் புடவைத் தலைப்பில் பொறுக்குவார். வீணை வாசிப்பவரும் குனிந்து ஒரு பிடி பொறுக்குவது வழக்கம். ஒருவர் மொழி மற்றவர்க்கு முழுதும் புரியாது. அவர், “சியூலி” என்பார், இவர், “பவழமல்லி” என்பார், இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு பூ உதிர்ந்தது, மூதாட்டி வரவில்லை. யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அன்று இவர் இரண்டு பிடி பொறுக்கிக்கொண்டு வந்தார். கதை இவ்வளவே.

வழக்கம்போல் அதை வீட்டில் உரக்கப் படிக்க எடுத்தபோது, இப்போது பதினேழு வயதாகும் மகள், “நானே படிக்கிறேன், அப்பா” என்று வாங்கிக்கொண்டாள். இடையிடையே தடுக்கினாலும் முழுதும் படித்தாள். முடித்ததும் சற்று நேரம் பேசாதிருந்து, “இந்த மரம் எனக்குத் தெரியும்” என்றாள். ஊருக்குப் போய் வந்ததுபோல் இருந்தது என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு ஊர் இதுதான். அந்த ஊரில் தமிழுக்கும் ஒரு மரத்தடி இருக்கிறது என்பதை அவள் அன்று கண்டாள். இனித் தாமிரபரணியைப் பற்றி எழுதமாட்டாரா என்றால், எழுதுவார். தாய்மரத்தின் சாறுதானே விழுதிலும் ஓடிற்று?

2020 மே மாதம் வீசிய ஆம்பன் புயலில் எங்கள் ஏரிக்கரையிலும் சிப்பூர்த் தோட்டத்திலும் பல மரங்கள் சாய்ந்தன. அந்தப் பேராலமரமும் விழுதுகள் சிலவற்றை இழந்தது. ஆயினும் நின்றது. தந்தையார் இப்போது தொலைபேசியில் பேசும்போதெல்லாம், மகனையும் மருமகளையும் பேத்தியையும் விசாரித்த பிறகு மறவாமல் கேட்பது ஒன்றுண்டு: “மூங்கிலுக்குள் விட்டிருந்த அந்த விழுது மண்ணைத் தொட்டுவிட்டதா?”

வருகிற ஞாயிறு போய்ப் பார்த்து வரலாம் என்றிருக்கிறோம். நேயர்களும் தத்தம் ஊரில், தத்தம் மரத்தடிக்கு, அன்று காலை ஒரு முறை போய் வருவார்களாக.